பழனாத்தாளைக் கேட்காமல் தொடாதீர்கள்

போன மாதம் ஒரு நாள் காலை, தோசைக்கல்லில் மாவை ஊற்றிய நேரம் பார்த்துப் போன் அடித்தது. பேசியவர் கௌதம். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது புரோகிராம் எழுதுகிற இளைஞர்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கோணுமுங்க. நம்ம ஆபீஸ்ல பழனாத்தாள்னு யாராச்சும் வேலை செஞ்சாங்களா?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"பழைய புரோகிராம் ஒண்ணைப் புதுசா மாத்தி எழுதிட்டிருக்கேனுங்க. அதுல ஒரு வரிக்கு மேல, 'பழனாத்தாளைக் கேட்காமல் இந்த வரியைத் தொடாதீர்கள்'னு இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சிருக்குது. ஆபீஸ்ல விசாரிச்சா அப்படி ஒரு ஆளே இங்க இருந்ததில்லைங்கறாங்க. அந்த வரியும் வேண்டாத வரியாட்டத்தான் தெரியுது. 'நம்பர் = நம்பர்'னு ஒரே பேரை ரெண்டு தடவை எழுதியிருக்குது. அது அப்படியேதானுங்க இருக்கும், எதுக்கு மறுக்காச் சொல்லோணும்? கம்ப்யூட்டரே எடுத்துப்போடலாம்னு சொல்லுது. எடுத்துப்போடட்டுங்களா?"

தோசை கருகிவிட்டது. எடுக்க வேண்டாம், சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வரியை எழுதியவள் நான்தான். அதற்கு மேலே இருக்கும் குறிப்பையும் நான்தான் எழுதினேன். அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய பல்லடம்தான் கண்முன்னால் நின்றது. சாயங்காலம் கூப்பிட்டபோது என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கணக்கில் பட்டம், ஆறு மாதக் கம்ப்யூட்டர் டிப்ளமோ, பிறகு கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் ஏழு வருஷம். கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்கிற வேலை. மில் தள்ளாட ஆரம்பித்த சமயம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் சொன்னார்: "மேரி, ராம்நகரில் ஒரு பேக்கரிக்கு மேல மாடியில ஒருத்தர் கம்பெனி வெச்சிருக்கார். நல்ல மனுஷன். ஆனா என்னமோ பாம்பு பேர் வெச்ச ஒரு கம்ப்யூட்டர் பாஷையைப் பிடிச்சுக்கிட்டு அலையறார்."

பாம்பு என்றது பைத்தானை. அந்த நல்ல மனுஷன் பொன்னுசாமி சார்.

இருபது வருஷம் மில்களில் கருவிகள் பிரிவில் இருந்தவர் அவர். கம்பெனி என்பது நாலு பேர், மூன்று கம்ப்யூட்டர், கரகரவென்று கத்துகிற ஒரு பிரிண்டர். தொழிற்சாலையில் இருக்கும் மோட்டார், வால்வு, ஹீட்டர் இவற்றைத் திரையில் இருக்கும் பட்டனை அமுக்கி ஓட்டவும் நிறுத்தவும் புரோகிராம் எழுதித் தருவது எங்கள் வேலை. பைத்தான் அவரிடம் வந்த கதை சுவாரசியமானது. ஒரு பத்திரிகை வாங்கினால் ஒரு சிடி இலவசம். மற்றவர்கள் அந்த சிடியை நூல் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டார்கள். சார் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். அதன் பேருக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் வாடிக்கையாளர்களிடம் மூச்சு விடமாட்டார். "சகுனம் பாக்கறவங்க இருப்பாங்க, எதுக்குங்க வம்பு" என்பார்.

சாரின் மரியாதையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. டீ கொண்டுவருபவரிலிருந்து மில் முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் ஒரே 'ங்க'தான். ஆனால் அவருடைய கோபத்தை அளக்க எங்களுக்கு ஒரு வழி இருந்தது. சாதாரண நாளில் நான் 'அம்மணி'. ஏதாவது சந்தேகம் வந்தால் 'மேரி அம்மணி'. நிஜமாகவே கோபம் வந்துவிட்டால் 'மேடம்' ஆகிவிடுவேன். அவர் குரல் அப்போது இன்னும் தணிந்துவிடும், ஒரு வரிக்கு நாலு 'ங்க' வரும். அவர் ஓய்வு பெறும்வரை பதினோரு வருஷம் அவரிடம் வேலை செய்தேன். மொத்தமாக மூன்று தடவை மேடம் ஆனேன்.

முதல் தடவை சேர்ந்த மூன்றாம் மாதத்தில். திரையில் ஒரு டிகிரி காட்டும் டயல், சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, 'ஓட்டு', 'நிறுத்து' என்று இரண்டு பட்டன். இவற்றை ஒரு கட்டமாகச் சேர்த்து ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிட்டால் சாயப்பட்டறைக்கும் அதுவே, நூல் மில்லுக்கும் அதுவே. புத்தகத்தில் இதற்கு விட்ஜெட் என்று பெயர். சார் 'பொட்டி' என்பார். நான் எழுதிய முதல் பொட்டி திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் அருமையாக ஓடியது. அதையே தூக்கிக் காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லுக்குப் போட்டேன். திரை திறந்ததும், நீராவி வால்வைக் காணோம் என்று அழுதது. எண்ணெய் மில்லில் நீராவி வால்வுக்கு எங்கே போவது? பட்டனை அமுக்கினால் சாயப்பட்டறை வால்வைத் திற என்று பொட்டிக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன்.

"மேடம்," என்றார் சார். "உங்க ஊட்டுல போன் இருக்குதுங்களா?"

"இல்லீங்க சார். எதிர்வீட்டு நம்பரைத்தான் பி.பி. நம்பர்னு குடுத்திருக்கோம்." அந்தக் காலத்தில் கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் போடுவோம். போன் இருக்கிற வீடு தெருவுக்கு ஒன்று, அந்த நம்பர் தெருவுக்கே சொந்தம்.

"உங்களுக்குப் போன் வந்தா அவங்க என்னங்க பண்ணுவாங்க?"

"வாசல்ல நின்னு, மேரி, போன்னு சத்தம் போடுவாங்க."

"அவ்வளவுதானுங்க நம்ம பொட்டிக்கும் வேலை. மணி அடிச்சா யாரைக் கூப்பிடோணும்னு ஒரு சீட்டு அதுகிட்ட இருந்தாப் போதுமுங்க. போன்ல என்ன நாயம் பேசறாங்கன்னு அது காது குடுத்துக் கேக்கக்கூடாதுங்க. சீட்டைக் குடுக்க வேண்டியது பொட்டியை வாங்கிட்டுப் போறவங்க. சாயப்பட்டறைக்காரங்க அவங்க சீட்டைக் குடுப்பாங்க, எண்ணெய் மில்லுக்காரங்க அவங்க சீட்டைக் குடுப்பாங்க. சரிங்களா?"

எங்கள் எதிர்வீட்டம்மா போனில் நான் பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுத் தெருவுக்கே ஒலிபரப்புவார் என்பதை நான் சாரிடம் சொல்லவில்லை. விஷயம் மட்டும் மண்டையில் ஏறிவிட்டது. இதைத்தான் இன்றைய பிள்ளைகள் கால்பேக் என்று சொல்கிறார்கள். எனக்கு இன்னமும் அது சீட்டுத்தான்.

சார் இதோடு விடவில்லை. எந்தப் புரோகிராமும் வெளியே போகும் முன் நாங்கள் 'சீட்டு ஆட்டம்' ஆட வேண்டும் என்று ஒரு முறை வைத்திருந்தார். புரோகிராமை நீளத் தாளில் அச்செடுத்து மேசையில் விரிப்போம். திரையில் எத்தனை பொட்டியோ அத்தனை நாற்காலி. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு ஆள். புரோகிராமை எழுதியவர் தாளை வரிவரியாகப் படித்து, அதில் இருக்கிறபடியே ஒரு சீட்டு எழுதி மடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். யாராவது தோளில் தட்டும்வரைக்கும் சீட்டைப் பிரிக்கக்கூடாது. தட்டினால் பிரித்து, என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்ய வேண்டும். சொந்தப் புத்தியை உபயோகிக்கக் கூடாது. ஆள் பற்றாவிட்டால் கீழே பேக்கரியிலிருந்து கூப்பிடுவோம். டீ மாஸ்டருக்கு இதில் கொள்ளை ஆசை. 'நிறுத்து' பட்டனாக உட்காருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரே ஒரு குறை, தட்டும் முன்பே சீட்டைப் பிரித்துப் பார்த்துவிடுவார்.

நான் இரண்டாவது தடவை மேடம் ஆனதும் கிட்டத்தட்ட டீ மாஸ்டர் செய்கிற காரியத்தால்தான். பீளமேட்டில் ஒரு பம்ப் பட்டறை. பம்பைச் சோதிக்கிற மேடையைக் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டிக் காட்டப் போயிருந்தோம். சீட்டில் வேலையின் பேரை மட்டும் எழுத வேண்டும். பேருக்குப் பின்னால் ஒரு அடைப்புக்குறி போட்டுவிட்டால், 'இந்தா சீட்டு' என்பதற்குப் பதில் 'இப்பவே செய்' என்று அர்த்தமாகிவிடும். நான் கைப்பழக்கத்தில் போட்டுவிட்டேன். திரை திறந்ததுதான் தாமதம், பட்டனை யாரும் தொடவேயில்லை, பம்ப் ஓட ஆரம்பித்தது. குழாய் வாயருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த முதலாளி தலையிலிருந்து வேட்டி வரை நனைந்துவிட்டார். "தண்ணி நல்லா வருதுங்க" என்றார் அவர். அந்த ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது.

மூன்றாவது தடவை நடந்ததில் சிரிப்பு கடைசியில்தான் வந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். பல்லடத்துக்குப் பக்கத்தில் சென்னியப்பன் என்பவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருந்தார். முட்டை அடுக்கி வைக்கிற மெஷின் எட்டு. ஒவ்வொன்றும் ஆள் உள்ளே நுழைகிற அளவுக்கு ஒரு பீரோ. உள்ளே சூடு, ஈரம், காற்றைச் சுற்றிவிட ஒரு பெரிய காத்தாடி. இருபத்தொரு நாள். மெஷினைத் திறந்து முட்டைத் தட்டைப் பார்க்கும்போதோ தண்ணீர் நிரப்பும்போதோ காத்தாடியை நிறுத்த வேண்டும், முடித்ததும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் அதற்கு ஒரு பச்சை, ஒரு சிவப்பு பட்டன் முன்பே உண்டு. சென்னியப்பன் அதோடு கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டார். எட்டு மெஷினும் ஒரே திரையில், எட்டுப் பொட்டியாக. ஆபத்தென்றால் மணி அடிக்கும் வசதியைப் பிறகு போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தோம்.

மெஷின் அறையைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் பழனாத்தாள். நாற்பது வயதிருக்கும். சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஏற்றிச் செருகி, இடுப்பில் அறைச் சாவியோடு நடப்பார். வாசலில் நின்றே எந்த மெஷினில் சத்தம் மாறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு மெஷினின் அட்டையிலும் சூட்டைக் குறித்து வைப்பார். எனக்கு டீ கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை அவர் குடிக்கமாட்டார்.

முதலில் எட்டுப் பொட்டிக்கும் எட்டு வரி தனித்தனியாக எழுதியிருந்தேன். ஒன்றாம் சீட்டில் ஒன்று, இரண்டாம் சீட்டில் இரண்டு. சீட்டு ஆட்டம் ஆடிப் பார்த்து, பொருத்தி, எல்லாம் சரியாக ஓடியது. இரண்டு மாதம் கழித்து அந்த எட்டு வரியைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. படித்தவள் எழுதுகிற லட்சணமா இது? ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணிக்கொண்டே போய், ஒரே வரியில் எட்டுச் சீட்டும் கொடுத்துவிடலாமே! எழுதினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சார் அப்போது கொடுமுடிக்கு அவருடைய அப்பாவின் காரியத்துக்காகப் போயிருந்தார். இதற்குப் போய்ச் சீட்டு ஆட்டமா என்று, பிளாப்பியில் ஏற்றிப் பல்லடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துச் சென்னியப்பன் போன் செய்தார். எட்டாம் மெஷினில் காத்தாடி நின்றுபோயிருக்கிறது. பதினேழு நாள் ஆன முட்டை, உள்ளே குஞ்சு முழுசாக வளர்ந்து அதுவே சூடு கொடுக்கிற பருவம். காற்று இல்லாமல் உள்ளே வெந்து, பாதிக்கு மேல் வீணாகிவிட்டது. அன்றும் சார் ஊரில் இல்லை. நானே பஸ் ஏறினேன்.

போனதும் எட்டாம் பொட்டியைச் சோதித்தேன். 'நிறுத்து' அமுக்கினால் எட்டு நிற்கிறது. 'ஓட்டு' அமுக்கினால் எட்டு ஓடுகிறது. பத்து தடவை அமுக்கினேன், பத்து தடவையும் சரி. அப்படியென்றால் யாரோ 'நிறுத்து' அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். திரையில் நேரம் பதிவாகியிருந்தது, அந்த நேரத்தில் அறையில் இருந்தது பழனாத்தாள்.

"ஏனுங்க, நீங்க பட்டனைத் தப்பா அமுத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என்ற தப்புத்தானுங்க அம்மணி. உங்களுக்கு எம்புட்டுச் சிரமம், வெயில்ல பஸ் ஏறி வந்திருக்கறீங்க. டீ வெக்கட்டுங்களா?"

எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. என்ன தப்பு என்று அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. பழுது அறிக்கைத் தாளில் 'காரணம்' என்ற கட்டத்தில், 'இயக்குபவர் தவறான பட்டனை அழுத்தியது. அவரே ஒப்புக்கொண்டார்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, சென்னியப்பனிடம் ஒரு நகல் கொடுத்தேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "நல்ல பொம்பளைங்க. கையில பாத்துட்டிருந்த வரைக்கும் ஒரு கொறை இல்ல. கம்ப்யூட்டர் வந்ததும் தடுமாறிப்போட்டாங்க போல. திங்கக்கிழமையில இருந்து தட்டுக் கழுவற பக்கம் போகட்டுமுங்க. சாவியை வேற ஆளுகிட்டக் குடுத்துர்றேன்."

கிளம்பும்போது வாசலில் பழனாத்தாள் நின்றிருந்தார். "தட்டுக் கழுவறதுக்கு நான் ஊட்டுலயே இருந்துக்கறேனுங்க" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, "பாத்துப் போங்க அம்மணி" என்றார். பஸ்ஸில் எனக்கு மனசு என்னவோ செய்தது. வேலை என்றால் இப்படியெல்லாம் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, சார் வந்தார். அறிக்கையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"நீங்க எழுதியிருக்கறது சரியாத்தானுங்க இருக்குமுங்க மேடம்," என்றார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேனுங்க. அந்தம்மா பதினோரு வருசமா அந்த அறையில இருக்கறாங்க. எட்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களா இருப்பாங்களாங்க?"

நான் அறிக்கையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பிளாப்பியில போன புது புரோகிராமுக்குச் சீட்டு ஆட்டம் ஆடுனீங்களாங்க மேடம்?"

"இல்லீங்க சார்" என்றேன்.

"நாளைக்குப் பல்லடம் போலாமுங்க" என்றார்.

சனிக்கிழமை காலை சாருடைய பழைய காரில் அச்சுத்தாளோடு போய் இறங்கினோம். மெஷின் அறைக்கு வெளியே ஒரு கரும்பலகை இருக்கும், அன்றன்றைக்கு எத்தனை குஞ்சு என்று எழுத. அதைத் துடைக்கச் சொன்னார். வேலையாட்களில் எட்டுப் பேரைப் பட்டனாக உட்காரவைத்தார். எட்டு மெஷின் முன்னாலும் இன்னும் எட்டுப் பேரை நிற்கவைத்தார். மூன்றாம் பட்டன் பழனாத்தாள், அவருக்கு இன்னும் இரண்டே நாள் அந்த அறை. சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு என்ன ஆகிவிட்டது என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க மேடம்" என்றார் சார். "தாள்ல என்ன இருக்குதோ அதை மட்டும்."

கம்ப்யூட்டர் மனசுக்குள் எண்ணுவதைப் பலகையில் எண்ணிக் காட்டுவதற்காக, சார் அதில் 1 என்று எழுதினார். நான் முதல் சீட்டில், 'ஒன்றாம் மெஷினை நிறுத்து' என்று எழுதப்போனேன்.

"தாள்ல 'ஒண்ணு'ன்னு இருக்குதுங்களா?"

பார்த்தேன். இல்லை. தாளில் 'நம்பர்' என்று இருந்தது. நம்பர் எங்கே இருக்கிறது? பலகையில். அதனால் சீட்டில், 'பலகையில் இருக்கும் நம்பர் மெஷினை நிறுத்து' என்று எழுதினேன். சார் பலகையைத் துடைத்து 2 என்று எழுதினார். இரண்டாம் சீட்டிலும் அதே வாசகம். அவர் துடைத்து 3 எழுதினார். மூன்றாம் சீட்டை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. சீட்டைப் பிரிக்கும்போது பலகையில் என்ன இருக்கும்? எண்ணி முடித்த கடைசி நம்பர் இருக்கும். எட்டு. எந்தப் பட்டனை அமுக்கினாலும் நிற்கப் போவது எட்டாம் மெஷின். நானோ எட்டாம் பொட்டியை மட்டும் பத்து தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறியவள்.

பேனாவைக் கீழே வைத்தேன். "சார், தப்பு என்னோடதுங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், சென்னியப்பனுக்கும் கேட்டது. பழனாத்தாள் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

"இருங்க அம்மணி" என்றார் சார். மேடம் போய் அம்மணி வந்துவிட்டதைக்கூட அந்த நேரத்தில் நான் கவனிக்கவில்லை. "மிச்சத்தையும் எழுதுங்க. இவங்க கண்ணால பாக்கட்டுமுங்க."

எட்டுச் சீட்டும் போனது. பலகையில் 8 நின்றது. சார் ஒவ்வொரு தோளாகத் தட்டினார். ஒன்றாம் பட்டன் சீட்டைப் பிரித்து, படித்து, பலகையைப் பார்த்து, நேராக எட்டாம் மெஷினுக்கு முன்னால் நின்றவரிடம் போய், "நிறுத்துங்க" என்றார். இரண்டாம் பட்டனும் அங்கேயே போனார். பழனாத்தாளும் போனார். எட்டாம் மெஷினுக்கு முன்னால் நின்றவர் ஒரு வயதான காவலாளி. வரிசையாக எல்லாரும் வந்து நிறுத்துங்க, நிறுத்துங்க என்றதும் அவர் கடுப்பாகி, "ஏனுங்கப்பா, நான் எத்தனை தடவைதான் நிக்கறது? மத்தவன் எல்லாம் சும்மாதான நிக்கறான்!" என்று கத்தினார். கொட்டகையே சிரித்தது. சென்னியப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திப் பழனாத்தாளைப் பார்த்தார்.

"இதே மாதிரிதான் மெஷினும் நின்னுச்சாங்க?"

பழனாத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆமாங்க. பத்துப் பதினஞ்சு நாளா அப்படித்தானுங்க. மூணை அமுத்துனா எட்டு நிக்கும். அஞ்சை அமுத்துனாலும் எட்டுத்தான் நிக்கும். அதனால கம்ப்யூட்டர்ல அமுத்திப்போட்டு, ஓடிப்போயி எட்டுக்குப் பச்சை பட்டனை அமுத்தி ஓட்டிவுட்டுருவேனுங்க. பொறவு வந்து மூணைக் கையில நிறுத்திக்குவேன். அன்னிக்கு மூணை அமுத்துன நேரத்துல முட்டை லாரி வந்துருச்சு. இறக்கறதுக்கு வாங்க வாங்கன்னு கூப்பிட்டாங்க. எட்டுக்குப் போகாம லாரிக்குப் போயிட்டேன். அது என்ற தப்புத்தானுங்களே?"

இரண்டு வாரமாக என் பிழையின் பின்னாலேயே ஓடி ஓடி முட்டையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவரைத்தான் நான் தாளில் குற்றவாளி ஆக்கியிருந்தேன்.

"கம்ப்யூட்டர்ல அமுத்தாமயே கையில செஞ்சிருக்கலாமேங்க?" என்றேன்.

"மொதலாளி ஆசையா வாங்கி வெச்சிருக்கறாரு, தொடாம இருந்தா மனசு சங்கடப்படாதுங்களா?"

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே!"

"நல்லா இருக்குதுங்க நாயம்! படிச்ச புள்ள, அத்தனை தூரம் வந்து, பாவம் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பத்துத் தடவை அமுத்திப் பாக்கறீங்க. ஊடு தேடி வந்தவங்ககிட்ட, நீங்க செஞ்சது தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

சென்னியப்பன் உள்ளே போய், நான் கொடுத்த நகலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். சார் புதுத் தாள் ஒன்றை நீட்டினார். நான் மறுபடி எழுதினேன். காரணம்: புரோகிராமில் பிழை. பிழை செய்தவர்: மேரி. கண்டுபிடித்தவர்: பழனாத்தாள். சென்னியப்பன் அதை மெஷின் அறையில் காலண்டர் ஆணியில் மாட்டினார். சாவி பழனாத்தாள் இடுப்பிலேயே இருந்தது.

பிழையைத் திருத்த ஒரு நிமிஷம்தான் ஆனது. சீட்டுக் கொடுக்கிற அந்த நொடியிலேயே பலகையில் இருக்கும் நம்பரைப் பார்த்துச் சீட்டில் எழுதிவிட வேண்டும். பைத்தானில் அதற்கு 'நம்பர் = நம்பர்' என்று எழுதினால் போதும். இடப்பக்கம் இருப்பது சீட்டு, வலப்பக்கம் இருப்பது பலகை. அதற்கு மேலே பழனாத்தாள் பேரைப் போட்டு அந்தக் குறிப்பை அடித்தேன். பிறகு எட்டு மெஷின் முன்னாலும் ஆள் நிறுத்தி, ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தோம். பழனாத்தாள் மூணை அமுக்கினார், மூணு நின்றது. அவர் பழக்கதோஷத்தில் எட்டுக்கு ஓடப்போய், பாதி வழியில் நின்று சிரித்துவிட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அதற்கும் அவர்தான் டீ வைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தப் புரோகிராமும் பழனாத்தாள் அமுக்கிப் பார்க்காமல் வெளியே போனதில்லை என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் முக்கியமானவை எல்லாம் முதலில் பல்லடம்தான் போயின. திரும்பும்போது ஒரு அட்டை முட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். அடுத்த நாள் பேக்கரி டீ மாஸ்டர் உட்பட எல்லாருக்கும் ஆம்லெட்.

இனி, போன மாதத்துச் சாயங்காலம். கௌதமைக் கூப்பிட்டேன். இந்தக் கதை எதையும் சொல்லவில்லை.

"அந்த வரியை எடுத்துப்போடுங்க" என்றேன். "சோதனைத் திரையில எட்டுப் பொட்டியும் வெச்சு, மூணை அமுத்திப் பாருங்க. நான் போன்லயே இருக்கேன்."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. மறுபடி ஒரு தட்டு.

"என்னங்க ஆச்சு?"

"எட்டு நிக்குதுங்க மேடம்," என்றார் கௌதம். கொஞ்சம் தயங்கினார். அந்தப் புரோகிராம் நான் எழுதியது என்பது இதற்குள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, "நான்தான் தப்பா அமுத்தியிருப்பேனுங்க" என்றார்.

"இல்லீங்க கண்ணு," என்றேன். "நீங்க சரியாத்தான் அமுத்தியிருக்கறீங்க. சொல்லுங்க, என்ன பாத்தீங்க?"